வேல்ஸ் மலைச்சரிவில் கைவிட்ட வீட்டுமேடைகள்: லைடார் படத்தில் பிரித்தறிவது எப்படி, நம் மலையில் அதே கண் உதவுமா?

திருவட்டாறு வாசகன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் கல்லூரி வரலாற்று மாணவர்களுக்கு, மண்ணின் மேடு பள்ளத்தைப் பார்த்தே பழைய குடியிருப்பை அடையாளம் காண்பது பற்றி ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. செய்முறைக்கு வேல்ஸ் நாட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு. காரணம் எளிது. அந்த நாடு முழுவதற்கும் ஒரு மீட்டர் கட்ட அளவில் லைடார் (விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சித் தரையின் உயரத்தை அளப்பது) தரைமாதிரி இலவசமாகக் கிடைக்கிறது, வகுப்பறைக் கணினியிலேயே திறந்து பார்க்கலாம். நம் மாவட்டத்துக்கு அப்படி ஒன்று பொதுவில் இல்லை.

தெற்கு வேல்ஸின் கெல்லிகேர் பொதுமேய்ச்சல் மேட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அங்கே இடைக்கால வீட்டுமேடைகள், அதாவது வீடு கட்டச் சரிவில் சமப்படுத்திய தட்டுகள், இருக்கின்றன. டினாஸ் நொத்வா என்ற இடத்தில் 1936லும், அதே மேட்டின் வேறு மேடைகளில் 1938லும் தொல்லியலாளர் அய்லீன் ஃபாக்ஸ் அகழ்ந்தார். ஆனால் படத்தைத் திறந்தால் சரிவெல்லாம் சின்னச் சின்ன வெட்டுகளாகத் தெரிகிறது. எது வீட்டுமேடை, எது கல்லுடைத்த குழி, எது ஆட்டுப்பட்டி என்று எதை வைத்துப் பிரிப்பது?

இரண்டாவது, மக்கள் ஏன் விட்டுப் போனார்கள் என்று தேடினால் எங்கும் கொள்ளைநோய் என்ற ஒரே பதில். அது சரிதானா?

மூன்றாவது, பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் சரிவுகளிலும் இப்படித் தட்டுகள் உண்டு. மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதே அளவுகோலை இங்கே வைக்கலாமா?

சங்கிலி சர்வேயர்

வாசகன் சார், மேடையைத் தேடுவதற்கு முன் படத்தைச் சரிபண்ணுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான்.

பதிவிறக்கும்போது தரைமாதிரி, மேற்பரப்பு மாதிரி என்று இரண்டு இருக்கும். மேற்பரப்பு மாதிரியில் மரமும் கூரையும் சேர்ந்து வரும். நமக்கு வேண்டியது தரைமாதிரி. கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட நிரலில் நிழல் போட்டால், வெளிச்சம் 315 பாகைத் திசையிலிருந்து 45 பாகை உயரத்தில் அடிப்பதாக அதுவே வைத்துக்கொள்ளும். அவ்வளவு உயர வெளிச்சத்தில் அரை மீட்டர் மேடு எடுப்பாகத் தெரியாது. 15 முதல் 20 பாகைக்கு இறக்கி, உயரத்தை மிகைத்துக் காட்டும் மடங்கை 2 ஆக்குங்கள். பிறகு திசையை 45 பாகை வீதம் மாற்றி மாற்றிப் பாருங்கள். வெளிச்சம் வரும் போக்கிலேயே நீளும் வெட்டு அந்தப் படத்தில் காணாமல் போய்விடும். தெற்கிலிருந்து வெளிச்சம் வைத்தால் பலர் கண்ணுக்கு மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் புரண்டு தெரியும். அதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. கூடவே எந்த இடம் எவ்வளவு செங்குத்து என்று காட்டும் ஒரு சரிவுப்படமும் போட்டு வையுங்கள். அதில் வெளிச்சமே கிடையாது என்பதால் இந்த மயக்கமும் கிடையாது.

இனி மேடை. சரிவை மேல்பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமப்படுத்திய நீள்சதுரத் தட்டுதான் வீட்டுமேடை. அதன் நீளம் சரிவு இறங்கும் போக்கிலேயே ஓடும், அதாவது சமஉயரக் கோட்டுக்குக் குறுக்காக. நம்மூர்க் கொத்தனாரிடம் இப்படி ஒரு வீட்டுக்கு வானம் தோண்டச் சொன்னால் சிரிப்பார். அவர் சிரிப்பதிலும் நியாயம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், எட்டுக்கு ஒன்று சரிவு என்று வைத்துக்கொள்வோம். சரிவின் போக்கில் வைத்தால் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உயர வேறுபாடு ஒன்றரை மீட்டர். பாதி வெட்டு, பாதி கொட்டு என்றால் மேல்முனையில் 75 சென்டிமீட்டர் வெட்டு, கீழ்முனையில் 75 சென்டிமீட்டர் நிரப்பு. தோண்ட வேண்டிய மண் 13.5 கன மீட்டர். அதே வீட்டைச் சமஉயரக் கோட்டோடு ஒட்டி வைத்தால் 6.75 கன மீட்டர் போதும். சரியாக இரட்டிப்பு வேலை.

அந்தக் கூடுதல் வேலையை ஏன் செய்தார்கள் என்பதற்குத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மேலிருந்து வரும் மழைநீர் 12 மீட்டர் சுவரில் மோதுவதற்குப் பதில் 6 மீட்டர் முனையில்தான் மோதும். அதை இரண்டு பக்கமாகத் திருப்பிவிடுவது எளிது. ஆளும் மாடும் ஒரே கூரையின்கீழ் இருந்த வீடுகளில் மேல்பாதி ஆட்களுக்கு, கீழ்முனை தொழுவத்துக்கு. மாட்டு மூத்திரமும் சாணித்தண்ணியும் அடுப்பங்கரைப் பக்கம் வராமல் கீழே வடிந்துவிடும்.

ஆகவே மேடையின் தலைப்பக்கத்தைத்தான் முதலில் தேட வேண்டும். அங்கே வெட்டு முகம் நேர்க்கோடாக இல்லாமல் லாட வடிவில் வளைந்திருக்கும். அதற்கும் மேலே, அதே வளைவில், நீரைத் திருப்பும் ஒரு சாலும் சிறு வரப்பும் இருக்கக்கூடும். இது கிடைத்தால் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது. கல்லுடைத்தவன் தன் குழிக்கு வடிகால் சால் வெட்டி வைப்பது அரிது. ஆனால் அரை மீட்டர் அகலச் சால் ஒரு மீட்டர் படத்தில் விழாது. படத்தில் இல்லை என்பதற்காகத் தரையிலும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்து வெட்டும் கொட்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றனவா என்று பாருங்கள். மேல்பக்கம் வெட்டு மட்டும் இருந்து, கீழே அதற்கேற்ற மேடு இல்லையென்றால் மண்ணோ கல்லோ வெளியே போயிருக்கிறது: அது கல்குழி. மேடு மட்டும் இருந்து வெட்டு இல்லையென்றால் கொட்டிய குப்பைமேடு, அல்லது முயல் வளர்க்க எழுப்பிய நீள்மேடு. இந்த முயல்மேடுகள் வேல்ஸ் மலைகளில் நிறைய உண்டு. நீள்சதுர வடிவாகவே இருப்பதால் நன்றாக ஏமாற்றும். ஆனால் அவை சுற்றிலும் பள்ளத்தோடு தரைக்கு மேலே எழும்பி நிற்கும், சரிவுக்குள் புகுந்திருக்காது.

மரக்கரி சுட்ட தட்டுகள் இன்னொரு தொல்லை. அவையும் வெட்டும் கொட்டுமாகவே இருக்கும். ஆனால் வட்டம் அல்லது முட்டை வடிவம், பெரும்பாலும் 6 முதல் 10 மீட்டர் குறுக்களவு, காட்டுச் சரிவில் வரிசையாகக் கிடைக்கும். புல்லைக் கிளறினால் மண் கறுப்பு. வட்டமாகக் கல்லடுக்கு தெரிந்தால் வரலாற்றுக்கு முந்தைய குடிசை வட்டமாக இருக்கலாம், அதை இடைக்காலக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆட்டுப்பட்டிக்குச் சுவர் கூர்மையாக, உயரமாகத் தெரியும், தரை சமமாக்கப்பட்டிருக்காது. இதில் ஒரு சிக்கல்: பழைய வீட்டின் கல்லை எடுத்துத்தான் பல இடங்களில் பட்டி கட்டினார்கள். பட்டியின் ஒரு மூலை சரிவுக்குள் புகுந்து சமமாக இருந்தால், அந்த மூலையின் அடியில் மேடை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பொற்றையடி

ஒரு திருத்தம் மட்டும். கேள்வியில் குடியிருப்பு என்று எழுதியது சரி, ஆனால் வகுப்பில் "கைவிடப்பட்ட ஊர்" என்று சொல்லிவிடாதீர்கள். இங்கிலாந்தில் வாரம் பெர்சி என்ற ஊரைப் போல் தெருவும் கோயிலும் வரிசை வீடுமாகக் கைவிட்ட ஊர்கள் உண்டு. வேல்ஸ் மலையில் அது வழக்கமில்லை. ஒற்றை மேடை, இரண்டு மேடை, மிஞ்சினால் ஒரு சிறு கூட்டம், நடுவே வயலும் மேய்ச்சலும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள்ளே தனித்தனியாகக் கிடக்குமே, அந்தப் பரவலை நினைத்துக்கொண்டால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தெருவைத் தேடினால் வேல்ஸில் ஒன்றும் கிடைக்காது.

இரண்டு மேடைகள் அருகருகே இருந்தால் இரண்டு குடும்பம் என்றும் கணக்குப் போடக் கூடாது. ஒன்று வீடு, மற்றது களஞ்சியமோ தொழுவமோ ஆக இருக்கலாம். மேடை எண்ணிக்கையை ஆளெண்ணிக்கை ஆக்குவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

மண்ணடுக்கு

கொள்ளைநோய்க் கேள்விக்கு வருகிறேன். 1349ல் கொள்ளைநோய் வேல்ஸுக்குள் வந்தது, ஏராளமானோர் செத்தார்கள். இதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட மேடையை அதனால்தான் விட்டார்கள் என்று சொல்ல, அந்த மேடை 1349ஐ ஒட்டித்தான் வெறுமையானது என்று காட்ட வேண்டும். பெரும்பாலான மேடைகளுக்கு அந்தக் காலக்கணிப்பே கிடையாது. காலம் தெரியாத இடத்துக்குக் காரணம் மட்டும் எப்படித் தெரியும்?

ஏன் காலம் சொல்ல முடியவில்லை என்பதை மாணவர்களுக்கு விரிவாகவே சொல்லுங்கள், வகுப்பில் இதுதான் உருப்படியான பகுதியாக இருக்கும். அந்த மலைமண் கடும் அமிலத்தன்மை உள்ளது. எலும்பு கரைந்துவிடும். இடைக்கால வேல்ஸ் மலைமக்கள் மண்பாண்டம் குறைவாகவே வைத்திருந்தார்கள். மரம், தோல், கொஞ்சம் இரும்பு, இவைதான் அவர்கள் சாமான். முழு வீட்டை அகழ்ந்தாலும் கைப்பிடிச் சில்லுகூடக் கிடைக்காமல் போகலாம். சில்லு இல்லையென்றால் ஆள் இல்லை என்று நம்மூரில் எழுதிப் பழகிய கை, அங்கே தப்பாக எழுதும்.

மிஞ்சுவது அடுப்புக் கரி. அதைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பும்போதும் கண்ணி இருக்கிறது. ஓக் மரத்தின் வயிரப் பகுதி என்றால், அந்த வளையம் வளர்ந்த காலத்தைத்தான் கணிப்பு சொல்லும். அடுப்பில் எரிந்த ஆண்டு அதிலிருந்து நூறாண்டுகூடத் தள்ளி இருக்கலாம். ஆகவே ஹேசல் சுள்ளி, கருகிய தானியம் போன்ற குறைந்த ஆயுள் பொருளைத்தான் எடுப்பார்கள். அப்படி எடுத்தாலும் ஏறத்தாழ 1450க்கும் 1640க்கும் இடைப்பட்ட காலத்தில், கரிம அளவை ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்த வளைவு தட்டையாகக் கிடப்பதால், ஒரு கரித்துண்டு அந்த இரண்டு நூற்றாண்டில் எங்கு வேண்டுமானாலும் விழும். கைவிட்ட காலம் அங்கேதான் இருக்கிறது என்று நாம் ஐயப்படும் இடங்களில் இது பெரிய இடி.

காரணங்களை அடுக்கினால் கொள்ளைநோய் நடுவில் எங்கோ வரும். 1282-83ல் முதலாம் எட்வர்டின் படையெடுப்பு, அதைத் தொடர்ந்த நில உரிமை மாற்றம். 1315 முதல் 1317 வரை ஓயாத மழையும் பஞ்சமும். மலையுச்சி வயலில் ஓட்ஸ் முற்றாமல் போனால் முதலில் அடிபடுவது அங்கே இருப்பவன்தான். 1400ல் தொடங்கிய ஓவைன் க்ளின்டூரின் கிளர்ச்சி பத்தாண்டுக்கும் மேல் நாட்டை எரித்தது. 1164ல் நிறுவப்பட்ட ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா போன்ற சிஸ்டர்சியன் மடங்கள் மலைமேய்ச்சலைப் பெரும் பரப்பாக வைத்து ஆடு வளர்த்தன. 1536க்குப் பிறகு மடங்கள் கலைக்கப்பட்டதும் அந்த நிலமும் கைமாறியது. பிறகு 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலத்தை வேலியிட்டுத் தனியாராக்கியது. இத்தனையும் ஒரே மேடையில் எழுதியிருக்காது. ஒவ்வொரு மேடைக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு குறுக்கீடு பருவக் குடியேற்றம். கோடையில் மாடுகளை மேலே ஓட்டிச் சென்று தங்கி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் எடுத்து, குளிருக்கு முன் இறங்கிவிடுவார்கள். மேலே இருக்கும் கோடைக்குடி ஹாவோட், கீழே இருக்கும் நிரந்தர வீடு ஹென்ட்ரே. வடக்கே ஹிராய்தோக் மேட்டில் ப்ரெனிக் அணை கட்டுவதற்கு முன் 1973-74ல் ஹாவோட் அ நான்ட் க்ரியாவோலென் என்ற இடத்தை அகழ்ந்தார்கள். நீள்குடில்களின் ஒரு சிறு கூட்டம், 15ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 16ஆம் நூற்றாண்டு வரை. ஆண்டுதோறும் விட்டுவிட்டுத் திரும்பி வரும் இடத்தில் "கைவிட்ட நாள்" என்பதே வேறு மாதிரி அமையும். ஒரு வருஷம் போகாமல் விட்டார்கள், அடுத்த வருஷமும் போகவில்லை, அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டிலும் ஸ்னோடன் மலைப் பக்கம் கோடைக்குடிகளில் ஆள் இருந்ததைப் பயணிகள் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நிரந்தர வீடா, கோடைக்குடியா என்று தரையில் பார்த்துச் சொல்ல முடியுமா? ஓரளவுக்கு. பக்கத்திலேயே உழுத சால்மேடுகள், வேலியிட்ட சிறு வயல், சாணம் கொட்டிய தோட்டம் இருந்தால் நிரந்தரத்தின் பக்கம் தராசு சாயும். ஓடையோரத்தில், மெல்லிய கற்சுவரோடு, வயல் எதுவும் இல்லாமல் நின்றால் கோடைக்குடி. உயரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து. கோடைக்குடி பின்னால் பண்ணையாக மாறியதும் உண்டு, பண்ணை இறங்கிப்போய்க் கோடைக்குடியானதும் உண்டு.

கடைசியாக ஒன்று. மேலே இவ்வளவு மேடைகள் தெரிவதால் இடைக்காலத்தில் மக்கள் மேலேதான் நெருக்கமாக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மேலே பிறகு எவரும் உழவில்லை, அதனால் தப்பித்தது. பள்ளத்தாக்கில் இருந்தவை அறுநூறு ஆண்டு ஏர் ஓடி அழிந்தன, அல்லது இன்றைய பண்ணைவீட்டின் அடியிலேயே கிடக்கின்றன.

திருவட்டாறு வாசகன்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். தரையில் வெட்டும் கொட்டும் ஈடாகிறதா என்று அளக்க, கல்லூரியில் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி கிடையாது. நாடாவும் கயிறும்தான். போதுமா? மூன்றாவது கேள்விக்கும் யாராவது சொல்லுங்கள்.

சங்கிலி சர்வேயர்

போதும் சார். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். தண்ணீர் நிரப்ப 15 மீட்டர் நீளத்தில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சென்டிமீட்டர் குறித்த இரண்டு குச்சி, 30 மீட்டர் நாடா, ஒரு உருண்டை நூல், நாற்பது முளை. தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் மட்டம் தெளிவாகத் தெரியும்.

மேடையின் நடு அச்சில், மேலிருந்து கீழாக நூலைக் கட்டுங்கள். வெட்டு முகத்துக்கு மேலே 10 மீட்டர் தள்ளித் தொடங்கி, கொட்டு மேட்டின் அடிக்குக் கீழே 10 மீட்டர் தாண்டி முடிக்க வேண்டும். 12 மீட்டர் மேடைக்கு நூல் 35 மீட்டர் அளவு வரும். பலர் மேடையை மட்டும் அளந்துவிட்டு வந்துவிடுவார்கள். இயற்கைச் சரிவு எது என்று தெரியாமல் வெட்டையும் கொட்டையும் எதோடு ஒப்பிடுவது? அந்த இரண்டு பத்து மீட்டர்தான் அளவின் உயிர்.

மீட்டருக்கு ஒரு முளை, வெட்டு முகத்திலும் கொட்டு விளிம்பிலும் அரை மீட்டருக்கு ஒன்று. நாடாவைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள், தரையோடு படுக்க வைத்தால் சரிவுத் தூரம் வந்து படம் நீண்டுவிடும். குழாயின் ஒரு முனை நிலையான குச்சியில், மறுமுனை முளைக்கு முளை நகரும். குச்சியின் உயரம் தீர்ந்ததும் நிலைக்குச்சியைக் கீழே மாற்றி, முந்தைய கடைசி முளையிலிருந்தே தொடர வேண்டும். முடிந்ததும் வந்த வழியே தொடக்க முளைக்குத் திரும்பி அளந்து பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்பச் செய்ய வேண்டியதுதான். தப்பு வருவது பெரும்பாலும் குழாய்க்குள் மாட்டிய காற்றுக்குமிழியால். குமிழி இருந்தால் மட்டம் பல சென்டிமீட்டர்கூடப் பொய் சொல்லும், ஆனால் தண்ணீர் அசையாமல் நிற்பதால் நம்பும்படியாகவே இருக்கும். தொடங்கும் முன் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒரே மட்டம் காட்டுகிறதா என்று பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

வரைதாளில் 1:100 அளவில் வெட்டுப்படம் போட்டு, இரண்டு கோடியிலும் உள்ள இயற்கைச் சரிவை ஒரு நேர்க்கோட்டால் இணையுங்கள். கோட்டுக்குக் கீழே விழும் பரப்பு வெட்டு, மேலே விழுவது கொட்டு. கட்டங்களை எண்ணினால் இரண்டையும் ஒப்பிடலாம். அச்சொட்டாகச் சமமாக வராது. கொட்டிய மண் நூற்றாண்டுகளாகச் சரிந்து இறங்கியிருக்கும், வெட்டிய பள்ளத்தில் மேல்மண் வந்து நிரம்பியிருக்கும். ஒன்று மற்றதில் பாதிக்கும் கீழே போனால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

மேலிருந்து பார்க்கும் படத்துக்கு, அதே நூலை அடிக்கோடாக வைத்து ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு பக்கமும் செங்குத்தாக அளந்தால் போதும். சரிவைக் குறிக்கும் கோடுகளின் தடித்த தலை எப்போதும் மேல்பக்கம், மெலிந்த வால் கீழ்ப்பக்கம். மாணவர்கள் இதைத் தலைகீழாகப் போட்டால் மேடை குழியாகிவிடும்.

வேல்ஸில் இதைச் செய்ய ஏற்ற காலம் குளிர்காலக் கடைசியும் இளவேனில் தொடக்கமும். பிராக்கன் என்ற பெரணி கோடையில் இடுப்புயரம் வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். லைடார் படத்திலும் அடர்ந்த பெரணி தரையாகப் பதிவாகி, சொரசொரப்பாகத் தெரியும். நம் பக்கம் இரண்டு மழையும் ஓய்ந்து காடு காய்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச்.

கோதையாறு

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். அளக்கும் முறையை அப்படியே வைக்கலாம். அளந்ததற்குச் சொல்லும் பொருளை மட்டும் வேல்ஸிலிருந்து கொண்டுவரக் கூடாது.

ரப்பர் நட வெட்டிய படித்தட்டு சமஉயரக் கோட்டோடு தொடர்ந்து ஓடும். அகலம் ஒன்றேகால், ஒன்றரை மீட்டர்தான், தண்ணீர் தங்க மலைப்பக்கம் உள்சாய்வு வைத்திருப்பார்கள், ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்கான இடைவெளியில் வரும். இதை வீட்டுமேடை என்று எவரும் ஏமாற மாட்டார்கள். ஏமாறுவது வேறு இடத்தில். கீரிப்பாறை, மாறாமலைப் பக்கம் எஸ்டேட் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த தட்டுகள் நீளமானவை, வெட்டும் கொட்டும் சரியாக இருக்கும். ஆனால் நீளம் சமஉயரக் கோட்டோடு போகும், சிமென்ட் தரையோ செங்கல் துண்டோ கிடைக்கும். ஷீட் அடிக்கும் மெஷின் வைத்த இடம், புகைப்புரை, நாற்றுப் பாத்தி, இவையும் சின்னத் தட்டுகளை விட்டுச்செல்லும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் ரப்பர்ப்பால் வேலை என்று தெரிந்துகொள்ளலாம்.

நம் பக்கம் ஓடு நல்ல சாட்சி. மங்களூர் ஓட்டுத் துண்டு கிடந்தால், பாசல் மிஷன் 1865ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகுதான் அந்தத் தட்டின் கடைசிக் கூரை போட்டிருக்கிறார்கள். தட்டு அதற்கு முந்தையதாக இருக்கலாம், கூரை இல்லை. ஓலைக்கூரை வீடு எதையும் விட்டுவைக்காது, கரையான் மரத்தைத் தின்றுவிடும். அப்போது உரல், ஆட்டுக்கல், கிணற்று விளிம்பு, கய்யாலையின் (விளையைச் சுற்றிய வேலிச்சுவர்) அடிவரிசைக் கல் என்று தேட வேண்டும். காட்டுக்கு நடுவே புளியும் பலாவும் ஒன்றாக நின்றால் அந்த இடத்தைச் சுற்றிப் பார்ப்பது வீண்போகாது. வேல்ஸில் இதே வேலையைக் காஞ்சொறிச் செடி செய்கிறது. ஆளும் மாடும் இருந்த மண்ணில் பாஸ்பரம் தங்கிவிடும், அங்கே அது செழித்து வளரும்.

மண்ணடுக்கு சொன்ன சில்லு விஷயம் இங்கே தலைகீழ். நம்மிடம் சில்லு ஏராளம், ஆனால் மழையில் உருண்டு வந்தது. தட்டின் மேலே கிடக்கும் சில்லுக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. வெட்டு முகத்துக்கு மேலேயும் அதே சில்லு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். மேலே கிடந்தால் அது மேலிருந்து வந்தது.

இலவசமாகக் கிடைக்கும், விண்ணிலிருந்து 30 மீட்டர் கட்டத்தில் எடுத்த உயரத் தரவை, கார்ட்டோசாட் ஆனாலும் எஸ்ஆர்டிஎம் ஆனாலும், இதற்கு எடுக்காதீர்கள். 12 மீட்டர் மேடை ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ட்ரோன் படமும் ரப்பர் கவிகையின் மேல்பக்கத்தைத்தான் காட்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் புலப்படமும் பழைய செட்டில்மென்ட் பதிவேடும் கேட்டுப் பாருங்கள். புறம்போக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் புரையிடம் (வீட்டுமனை) என்று பதிவாகியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் பழைய விளைநிலங்களும் இந்த மலையில் இருக்கின்றன. வெறும் தட்டாகத் தெரிவதால் கைவிட்டது என்று எழுதிவிடாமல், அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். மேல்சரிவுகள் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருவதால், வனத்துறை அனுமதிக் கடிதம் இல்லாமல் மாணவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

மண்ணைத் தொடுவது தனிக்கதை. அகழ்வதற்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். முளை அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், "சும்மா ஒரு சின்னக் குழி" என்று மண்வெட்டியை எடுக்க விடாதீர்கள். பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் எது கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

திருவட்டாறு வாசகன்

அருமை அண்ணாச்சி. கடைசியாக ஒரு தொழில்நுட்பச் சிக்கல். தொல்சின்னங்களைப் பதியும் வேல்ஸ் அரச ஆணையத்தின் கோவ்லைன் இணையத்தளத்தில் உள்ள மேடைகளின் இடக்குறிப்பை எடுத்து லைடார் படத்தில் போட்டேன். புள்ளிகள் மேடைமேல் விழாமல் தள்ளி விழுகின்றன. தரவு தவறா, நான் ஏற்றிய முறை தவறா?

சங்கிலி சர்வேயர்

புள்ளிகள் எப்படித் தள்ளியிருக்கின்றன என்று பாருங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் ஒரே அளவு, ஏறத்தாழ நூறு மீட்டர் போல நகர்ந்திருந்தால் ஆயத்தொலை முறை கலந்துவிட்டது. வேல்ஸ் லைடார் பிரித்தானியத் தேசியக் கட்டத்தில் இருக்கும், கியூஜிஐஎஸ்ஸில் எண் 27700. ஜிபிஎஸ் முறையிலான அட்சரேகை தீர்க்கரேகைக்கு எண் 4326. பிரித்தானியப் பழைய அடிப்படையில் கணித்த அட்சரேகையை 4326 என்று ஏற்றினால் இந்த நகர்வு வரும். அடுக்கின் எண்ணைச் சரியாகக் கொடுங்கள், நிரலே மாற்றிக்கொள்ளும்.

ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் தள்ளி, ஆனால் எல்லாமே மேடைக்குத் தென்மேற்கில் விழுந்தால் அது வேறு. பழைய பதிவுகளில் ஆறு இலக்கக் கட்டக்குறிப்பு மட்டுமே இருக்கும். அது நூறு மீட்டர் சதுரத்தின் தென்மேற்கு மூலையைத்தான் குறிக்கும், மேடை அந்தச் சதுரத்துக்குள் எங்கும் இருக்கலாம். எட்டு இலக்கம் என்றால் பத்து மீட்டர் சதுரம். இங்கே எண்ணை மாற்றிப் பயனில்லை. புள்ளிக்கு வடகிழக்கே நூறு மீட்டர் கட்டம் ஒன்று வரைந்து, அதற்குள் மேடையைக் கண்ணால் தேட வேண்டியதுதான். மாணவர்களுக்கு அதுவே நல்ல பயிற்சியும்கூட. விடை எந்தக் கட்டத்துக்குள் என்று தெரியும், எது என்று தெரியாது.

நம் பக்கத்து அளவுகளை ஏற்றும்போது கன்னியாகுமரிக்கு யுடிஎம் என்ற உலகக் கட்ட முறையில் வடக்கு 43ஆம் மண்டலம், எண் 32643. பழைய இந்திய நில அளவைத் தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய புவிவடிவ அடிப்படையில் இருப்பதால் அங்கேயும் இதே போன்ற நகர்வு வரும். தாளில் உள்ள ஒரு பழைய கோயிலையோ பாலத்தையோ இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.